நம்ப மறுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2022 மே 10ஆம் திகதி திருகோணமலையில் எங்கள் கைப்பேசிகளுக்கு இரண்டு செய்திகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. முதல் நாள் பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில் தங்கியிருக்கிறார் என்றது ஒன்று. அரசியல்வாதிகள் சிலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்றது மற்றது. இரண்டாவதை இந்திய உயர் ஸ்தானிகராலயம் மறுத்தது. முதலாவதை மறுநாள் பாதுகாப்புச் செயலாளரே ஒப்புக்கொண்டார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியண்ணா, "தளத்தில் இருக்கிறார் என்பது சரியாய்ப் போய்விட்டது, அப்படியென்றால் மற்றதும் சரிதான், மறுக்கிறார்கள் என்றாலே ஏதோ இருக்கிறது" என்று எழுதினார். நானும் அதை நம்பி மச்சாளுக்கு அனுப்பினேன்.

எங்களிடையே மிகப் பரவலாக உள்ள தவறு இதுதான். ஒரு வதந்தி மெய்யானதும் கூட வந்த மற்றதற்கும் அதே மதிப்பைக் கொடுத்துவிடுகிறோம். மறுப்பையே சான்றாக எடுத்துக்கொள்கிறோம். தளத்தைப் பற்றிய செய்தி கிடைத்ததும் அதன் வாயிலுக்கு நேரில் சென்று நின்று எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். இந்தியாவைப் பற்றி எங்களுக்கு வந்த செய்தியிலோ எந்தப் படகு, எந்த விமானம், யார் பார்த்தார் என்று ஒரு சொல்லும் இருக்கவில்லை. அதன் தலைப்பில் இரட்டை அம்புக்குறி மட்டும் இருந்தது. பல கைகள் மாறி வந்த செய்தி என்பதை வாட்ஸ்அப் அந்தக் குறியால் காட்டுகிறது; ஆனால் பலர் அனுப்பியிருக்கிறார்கள் என்பதையே பலர் உறுதிசெய்திருக்கிறார்கள் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

இதைச் சொல்வதால் அரசை நம்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணக் கூடாது. அப்படி அறிவுரை கூறுவதும் ஒரு தவறே, அதிலும் இந்த ஊரில் கூறுவது பெருந்தவறு. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று இராணுவத் தரப்புக் கூறியது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்து வெளியிட்ட படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களின் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஊரில் பலர் முதல் நாளே இராணுவத்தின் கூற்றை நம்ப மறுத்திருந்தாலும், உலகத்தின் முன் அந்தக் கூற்றை உடைத்தவை சுகிர்தராஜன் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படங்கள்தான். கையில் கமரா உள்ள கைப்பேசியை வைத்துக்கொண்டு, யாரோ பேசிய குரல்பதிவை நாங்கள் ஆதாரமென்று சுற்றுக்கு விடும்போது எனக்கு அவருடைய நினைவு வருகிறது.

நாம் பரப்பும் பொய் அரசைப் பலவீனப்படுத்தும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை வன்முறையாக வெடித்தது; அது வெறும் மாவுக்கட்டி என்பது பின்னர் பகுப்பாய்வில் தெரிந்தது. அடுத்த மாதம் கண்டியில் வன்முறை மூண்டபோது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் மீண்டும் முடக்கப்பட்டன. வன்முறையைக் காரணம் காட்டிப் பழக்கப்பட்ட அந்தப் பூட்டு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தை முன்னிட்டும் போடப்பட்டது. இணையத்தில் எழுதுவதை ஒழுங்குபடுத்த 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்திருக்கிறது.

பொழுதுபோக்கு நிறுவனங்கள் மீதுள்ள அவநம்பிக்கைக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டால், பிரதியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னை மறைத்துக்கொண்டு உள்ளே குடியேறியது. அது நச்சுநிரல்களுக்கும் வழி திறந்துவிட்டது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அதைக் கண்டுபிடித்து வெளிப்படுத்திய பிறகே தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இன்றும் இணையத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பெறும் திரைப்படம் பெரும்பாலும் நமக்குச் சொந்தமாவதில்லை. பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே கிடைக்கிறது. தமிழ்ப் படங்களின் வசூல் என்று சுவரொட்டிகளில் வரும் கோடிகளையும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இவையெல்லாம் தெரிந்தவர்கள், நிறுவனம் ஏமாற்றுகிறது என்பதால் திருட்டுப் படம் தருபவன் நம்மவன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மருமகன் புதுப்படம் பார்ப்பதற்காக டெலிகிராமில் கிடைத்த செயலியொன்றைத் தன் கைப்பேசியில் ஏற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் சேமிப்பகத்துக்கு அனுமதி கேட்டது. அடுத்ததாகக் குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதி கேட்டது. படம் காட்டுவதற்குக் குறுஞ்செய்தி எதற்கு? அவனுடைய வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அங்கேதான் வருகிறது. பெரிய நிறுவனம் அன்று ஒளிந்துகொண்டு செய்ததை, பெயர் தெரியாத ஒருவன் இன்று நம்மிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டே செய்கிறான்.

அரசையும் நிறுவனங்களையும் "எல்லாரும் கள்ளர்" என்று ஒரே மூட்டையில் கட்டுவதால் வரும் நட்டம் பெரியது. திரைப்பட நிறுவனத்திடம் கணக்குக் கேட்க எனக்குச் சட்டம் இல்லை. அரச அலுவலகத்திடம் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும், தராவிட்டால் மேன்முறையீடு செய்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். எங்கள் ஒழுங்கையின் வடிகான் பாதியில் நின்றபோது, ஒப்பந்தக்காரர் காசைச் சாப்பிட்டுவிட்டார் என்று இரண்டு மழைக்காலம் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டு எழுதியபோது வந்த மதிப்பீட்டில் வடிகானின் நீளமே அந்தப் பாதி வரைதான் போடப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர் தனக்குச் சொல்லப்பட்டதைக் கட்டி முடித்திருந்தார். மிச்சத்தை வெட்டியது அலுவலகம். வெட்டியது யார், எந்தக் கூட்டத்தில் என்று கேட்டு இரண்டாவது கோரிக்கையைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கி வைத்திருக்கிறோம்.