பழைய ஆங்கில வேட்டை ரைஃபிள்: எங்கே பார்ப்பது, எதைத் தொடுவது

லண்டன் ஏல நிறுவனங்களில் விற்பனைக்கு முன்பே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். நான் கற்றது அங்கேதான். அனுமதி கேளுங்கள், குழலுக்குள் வெடிமருந்து இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியலை வெறுமனே தட்டவிடாதீர்கள். அது அடிக்கும் இடத்தில் இருக்கும் சிறு குழாய், அதாவது முலைக்குழாய், நசுங்கும்.

சிறுவயதில் பொட்டு வெடியைக் கல்லால் தட்டியிருப்பீர்கள். இந்த ரைஃபிளும் செய்வது அதே வேலைதான். தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அந்த மருந்து பின்னாளில் முலைக்குழாயின் மேல் மாட்டும் சின்னச் செம்புத் தொப்பிக்குள் அடங்கியது. சுத்தியலின் மூக்கைப் பாருங்கள், உள்ளே குழிந்திருக்கும். தொப்பி சிதறினாலும் சில்லு கண்ணில் தெறிக்காமல் காப்பது அந்தக் குழிதான்.

பிறகு பூட்டுத்தகடு, அதாவது சுத்தியலைத் தாங்கும் பக்கவாட்டு இரும்புத் தகடு, மரத்தோடு சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நல்ல வேலை என்றால் நகம் எங்கும் தட்டாது. இரும்பில் விளக்குக் கரி தடவி வால்நட் மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார்கள். மறுபடி கரி, மறுபடி உளி. அந்தப் பொறுமையை விரல் நுனியில் உணரும்போது இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

திருகுத் தலைகளின் வெட்டுகள் பெரும்பாலும் குழலோடு நேர்கோட்டில் நிற்கும். ஒன்று கோணலாக இருந்தால் பிற்காலத்தில் யாரோ கழற்றியிருக்கலாம்.

கடைசியாக, குழல்மேல் பொறித்த முகவரி. லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் பர்டி 1826-ல் 314½, ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கு வந்தார்; அவர் துப்பாக்கியில் அந்த முகவரி இருந்தால் அது அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல. எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் குழலை அதிகமாகத் தேய்த்துவிட்டார்கள். அப்படிப்பட்டதை நான் வாங்கமாட்டேன்.