தொழில்முறை கோல்கீப்பராவது எப்படி: முதல் பயிற்சியிலிருந்து ஓய்வுக்குப் பிந்தைய வேலை வரை

கால்பந்து அணியில் பதினோரு இடங்கள் இருந்தாலும் கோல்கீப்பருக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். நடுக்கள வீரர் ஒருவர் சற்றுத் தடுமாறினால் அவரை ஓரத்துக்கு மாற்றி ஆடவைக்கலாம், அல்லது கடைசி இருபது நிமிடங்களுக்கு மாற்று வீரராக இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. முதல் கோல்கீப்பர் காயமடையாமல், சிவப்பு அட்டை வாங்காமல், ஃபார்மையும் இழக்காமல் இருக்கும்வரை இரண்டாமவருக்குப் பெஞ்சுதான். எனவே இந்தத் தொழிலில் திறமைக்கு அடுத்தபடியாகக் கணக்கில் கொள்ள வேண்டியது களத்தில் ஆடிய நிமிடங்களையே. எந்த அகாடமியில் சேர்வது, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, எப்போது கிளப் மாறுவது என்ற முடிவுகளையெல்லாம் “இதனால் எனக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைக்கும்?” என்று கேட்டு எடுக்கப் பழகுங்கள்.

தொடக்க ஆண்டுகள்

பத்துப் பன்னிரண்டு வயது வரை கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே நின்றுவிடாமல் மற்ற இடங்களிலும் ஆடிப் பார்ப்பது நல்லது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்ததிலிருந்து, கால் ஆட்டம் இந்த வேலையின் பெரும்பகுதியாகிவிட்டது. கோல் கிக் அடிக்கும்போது பந்து பெனால்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை என்று 2019-இல் விதி மாறிய பின்னர், எதிரணியினர் நெருங்கி வந்து அழுத்தம் கொடுக்கும்போதும் பதறாமல் சிறு பாஸ் கொடுப்பது அன்றாடத் தேவையாகிவிட்டது. சிறு வயதில் தற்காப்பிலோ நடுக்களத்திலோ ஆடியவருக்கு, வரும் பந்தை எந்தக் காலால் நிறுத்துவது, உடம்பை எந்தப் பக்கம் திருப்பி நிற்பது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிடும். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் கோல்கீப்பர் மானுவேல் நோயர் பெனால்டி பகுதிக்கு வெளியே மீண்டும் மீண்டும் ஓடிவந்து, தற்காப்பாளர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்த ஆட்டத்தை ஒருமுறை முழுமையாகப் பார்த்தால் இது விளங்கும்.

வேறு விளையாட்டுகளை ஆடுவதும் வீண் போகாது. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருதை 1963-இல் பெற்ற லெவ் யாஷின், அதை வென்ற ஒரே கோல்கீப்பராக இன்றும் இருக்கிறார்; அவர் ஐஸ் ஹாக்கியிலும் கோல் காத்தவர். பந்து எங்கே விழும் என்று கணிப்பதையும் சரியான நேரத்தில் குதிப்பதையும் கூடைப்பந்தும் வாலிபாலும் கற்றுத் தருகின்றன.

உயரத்தைப் பற்றிய கவலை பலருக்கு உண்டு. கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது என்பதால் உயரமானவருக்குச் சாதகம் இருப்பதை மறுப்பதற்கில்லை. உயர்நிலை அணிகள் தேர்வின்போது அதைக் கவனிக்கவே செய்கின்றன. இருந்தாலும், கோல்கீப்பருக்கு மிகவும் குறைவான உயரம் கொண்ட மெக்சிகோவின் ஹோர்ஹே காம்போஸ் 1994, 1998 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் தன் நாட்டுக்காக ஆடினார். வளரும் வயதில் இருப்பவர் உயரத்தை எண்ணி வருந்துவதைவிட, கால் நகர்வை விரைவாக்கும் பயிற்சியில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

பந்து உதைக்கப்படும் கணம்

இளம் கோல்கீப்பர்கள் பாய்ந்து பிடிப்பதை ஆசையோடு பழகுகிறார்கள். பாய்வதற்கு முன்பு நிற்கும் நிலையைப் பழகுபவர்கள் குறைவு. என் பார்வையில், விடப்படும் கோல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து கோல் கோட்டை எட்ட ஏறத்தாழ 0.6 வினாடிதான் ஆகும். எதிரணி வீரரின் கால் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் கோல்கீப்பர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால், அல்லது ஒரு கால் காற்றில் இருந்தால், அதைத் தரையில் ஊன்றிய பிறகுதான் பாய முடியும். அதற்குள் பந்து பாதித் தூரம் வந்திருக்கும். எனவே நகர்ந்து வரும் தூரத்தில் ஓரடி குறைந்தாலும் பரவாயில்லை, உதை விழும்போது இரு பாதங்களும் தோள் அகலத்தில் தரையில் இருக்க வேண்டும். எடை முன்பாதங்களில் தங்க, முழங்கால்கள் சற்று மடங்க, கைகள் இடுப்பு உயரத்தில் உடம்புக்கு முன்னால் நிற்பதே சரியான நிலை.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கைபேசியைக் கோலுக்குப் பின்னால் பொருத்திப் பயிற்சியைப் பதிவு செய்யுங்கள். பின்னர் ஒவ்வொரு உதையின்போதும், உதைப்பவரின் கால் பந்தைத் தொடும் காட்சியில் காணொளியை நிறுத்தி, உங்கள் பாதங்களை மட்டும் பாருங்கள். குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறதா, சிறு துள்ளல் ஒன்று தாமதமாக வந்து இன்னும் காற்றில் இருக்கிறீர்களா என்பது உடனே தெரிந்துவிடும். இந்தத் துள்ளலைச் சற்று முன்னதாக முடிக்கக் கற்றுக்கொண்டாலே, முன்பு விரல் நுனியில் தவறிய பந்துகளில் சில கைக்குள் வரத் தொடங்கும்.

நிற்கும் இடத்தைத் தீர்மானிக்க, பந்திலிருந்து கோலின் நடுப்புள்ளிக்கு மனத்தில் ஒரு கோடு போட்டு அதன் மீதே நகருங்கள். அந்தக் கோட்டில் முன்னே வரவர எதிரணி வீரருக்குத் தெரியும் இடைவெளி குறையும். மிகவும் முன்னே வந்துவிட்டால் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார். மார்புக்கு மேல் வரும் பந்துக்குப் பெருவிரல்கள் அருகருகே இருக்கும்படி உள்ளங்கைகள் பந்துக்குப் பின்னால் செல்ல வேண்டும். இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்து, முழங்கையிலிருந்து மார்பு வரை பந்தை அணைத்துக்கொள்ள வேண்டும். பிடிக்க முடியாததைத் தட்டும்போது பக்கவாட்டில் தட்டுங்கள். நடுவில் விழும் பந்து எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பாகும். பாயும்போது பந்தை நோக்கிச் சாய்வாக முன்னே ஒரு காலடி வைத்து எழும்பி, உடம்பின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்; முழங்கையை ஊன்றி விழும் பழக்கம் தோள்மூட்டைக் கெடுத்துவிடும்.

ஓரங்களிலிருந்து கோலுக்கு முன்னால் உயர்த்தி அனுப்பப்படும் கிராஸ் பந்துகளில் தீர்மானம்தான் முக்கியம். வெளியே வருவதென்றால் உரக்கக் குரல் கொடுத்து, ஒரு முழங்காலை உயர்த்தி, பந்து எட்டக்கூடிய மிக உயர்ந்த புள்ளியில் அதை எடுங்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் இரு முஷ்டிகளாலும் குத்தி வெளியேற்றலாம். வருவதா வேண்டாமா என்ற சந்தேகம் எழுந்தால் கோட்டிலேயே நில்லுங்கள். பாதி வழியில் நிற்பதைவிட அது மேல். பந்தைப் பிடித்த பின் விரைவாகக் கொடுக்கவும் வேண்டும். 2025-26 பருவத்திலிருந்து, கோல்கீப்பர் எட்டு வினாடிகளுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் வழங்கப்படுகிறது.

பெனால்டி தனி ஆராய்ச்சி. உதைக்கும் நேரத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மீதோ, கோட்டுக்கு நேராகவோ, அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும் என்ற விதிக்குள் நின்றுகொண்டே எதிராளியின் பழக்கங்களை அறிந்து செயல்பட வேண்டும். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியின் யென்ஸ் லேமான் அர்ஜென்டினா வீரர்களின் பழக்கங்களைக் குறித்த துண்டுத் தாளைக் காலுறையில் வைத்திருந்தார்; 2024 யூரோ காலிறுதியில் இங்கிலாந்தின் ஜோர்டன் பிக்ஃபோர்டின் தண்ணீர்ப் புட்டியில் அதே வகைக் குறிப்புகள் இருந்தன. ஆட்டத்துக்கு முதல் நாளே இப்படியொரு பட்டியலைத் தயாரிக்க இளம் வீரர்களும் பழகலாம்.

அகாடமி, ஒப்பந்தம், லோன்

அகாடமியைத் தேர்ந்தெடுக்கும்போது கிளப்பின் பெயரைவிட முதலில் பார்க்க வேண்டியது, அங்கே கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர் முழுநேரமாக இருக்கிறாரா என்பதைத்தான். அடுத்து, உங்கள் வயதுப் பிரிவில் எத்தனை கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள், ஆட்டங்கள் அவர்களுக்குள் எப்படிப் பகிரப்படுகின்றன என்று கேளுங்கள். நால்வரில் ஒருவராகப் பெரிய கிளப்பில் இருப்பதைவிட, வாரந்தோறும் ஆடக் கிடைக்கும் சிறிய கிளப் பதினாறு வயதுக்காரருக்கு அதிகம் கற்றுத் தரும்.

ஒப்பந்தம் என்று வரும்போது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிகளைக் குடும்பத்தினரும் தெரிந்திருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறுவது, குறிப்பிட்ட விலக்குகள் தவிர, அனுமதிக்கப்படுவதில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மற்றவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் உச்சவரம்பு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்கள் இருக்கும்போதிலிருந்து வேறு கிளப்புடன் கையெழுத்திடலாம். முகவர் ஒருவரை நம்பிக் கையெழுத்திடுவதற்கு முன் அவர் உரிமம் பெற்றவரா என்று சரிபார்ப்பதும், பிரிவுகள் புரியாத ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுவதும் தவிர்க்கக் கூடாதவை.

கையெழுத்திட்ட பின்புதான் உண்மையான காத்திருப்பு தொடங்குகிறது. இக்கர் கசியாஸ் 19 வயதிலேயே, 2000-இல், ரியல் மாட்ரிட்டுக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல் காத்தார். அப்படிப்பட்டவரே இரண்டு ஆண்டுகளில் முதலிடத்தை இழந்து, 2002 இறுதியாட்டத்தில் பெஞ்சில் அமர்ந்திருந்தார். முதல் கோல்கீப்பர் காயமடைந்ததால் உள்ளே வந்து, கடைசி நிமிடங்களில் அடுத்தடுத்துக் கோல்களைத் தடுத்து அணியைக் காப்பாற்றினார். எமிலியானோ மார்ட்டினெஸின் பாதை இதைவிட நீண்டது. 2010-இல் ஆர்சனலுக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு வெட்னஸ்டே, ராதரம், வுல்வ்ஸ், கெட்டாஃபே, ரெடிங் என்று ஆறு கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக அங்கே ஆட, அனுப்பப்பட்டார். 2020-இல் முதல் கோல்கீப்பர் காயமடைந்தபோது கிடைத்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு, அதே ஆண்டு ஆஸ்டன் வில்லாவுக்குச் சென்றார். 2022-இல் உலகக் கோப்பையை வென்று, தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் பெற்றார். இளம் வீரர்களுக்கு நான் முதலில் சொல்வது மார்ட்டினெஸின் கதையையே, ஏனெனில் பெரும்பாலோரின் பாதை அதைப் போன்றுதான் இருக்கப்போகிறது.

லோனில் செல்வதற்கு ஒப்புக்கொள்ளும் முன் சில கேள்விகளுக்குத் தெளிவான பதிலைப் பெறுங்கள். அங்குள்ள பயிற்சியாளர் உங்களை முதல் கோல்கீப்பராகவே கேட்கிறாரா, அல்லது போட்டிக்கு ஓர் ஆள் தேவை என்று அழைக்கிறாரா? ஆடக் கிடைக்காவிட்டால் பருவத்தின் நடுவில் உங்களைத் திரும்ப அழைக்க உங்கள் கிளப்புக்கு உரிமை இருக்கிறதா? அந்த அணியின் தற்காப்பு அடிக்கடி உடைகிறது என்றால் அதற்காக அஞ்ச வேண்டாம். நிறைய உதைகளைச் சந்திக்கும் பருவமே கற்றுக்கொள்ளும் பருவம்.

தவறும் காயமும்

முன்கள வீரர் ஐந்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஆறாவதில் கோல் அடித்தால் கொண்டாடப்படுவார். கோல்கீப்பர் தடுத்த ஐந்தைவிட விட்ட ஒன்றுதான் பேசப்படும். 2002 உலகக் கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்வான ஆலிவர் கான், அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர். அதே தொடரின் இறுதியாட்டத்தில் அவர் கையிலிருந்து நழுவிய பந்தைத்தான் ரொனால்டோ கோலாக்கினார். அந்த நிலையில் இருப்பவர்கள்கூடத் தப்ப முடியாத ஒன்றை எதிர்கொள்ள, முன்கூட்டியே ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள். கோல் விழுந்ததும் பந்தை வலையிலிருந்து எடுத்துக் கொடுப்பது, கையுறைப் பட்டையை அவிழ்த்து மீண்டும் கட்டுவது, அருகில் நிற்கும் தற்காப்பாளரிடம் அடுத்த பந்துக்கான ஒரு சொல் சொல்வது என்று வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். அலசல் மறுநாள் காணொளியோடு நடக்கட்டும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், தசைப்பிடிப்புக்கு மருத்துவரிடம் செல்வதைப் போலவே தயங்காமல் விளையாட்டு உளவியலாளரைப் பாருங்கள்.

விரல்கள், மணிக்கட்டு, தோள், இடுப்பு ஆகியவையே அதிகம் அடிபடும் உறுப்புகள். தலையில் அடிபட்டால் ஆட்டத்தில் தொடர்வது எவ்வளவு முக்கியமாகத் தோன்றினாலும் வெளியே வந்துவிட வேண்டும். பீட்டர் செக் 2006 அக்டோபரில் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டுச் சில மாதங்கள் ஆடாமல் இருந்தார். திரும்பி வந்ததிலிருந்து 2019-இல் ஓய்வு பெறும்வரை தலைக்கவசம் அணிந்தே ஆடினார்.

வயதும் அதற்குப் பின்னும்

பொறுமைக்கான பலன் இங்கே கிடைக்கிறது. டினோ ஸோஃப் 40 வயதில் இத்தாலி அணித் தலைவராக 1982 உலகக் கோப்பையை உயர்த்தினார். 17 வயதில் பார்மாவுக்காக முதல் ஆட்டம் ஆடிய ஜான்லூய்ஜி புஃபோன் 45 வயதில்தான் ஓய்வு பெற்றார். எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் களமிறங்கி ஒரு பெனால்டியையும் தடுத்தார். முப்பதைக் கடந்த பின் பாய்ச்சல் பயிற்சியின் அளவைக் குறைத்து, நிற்கும் இடத்தையும் உதைப்பவரின் உடலசைவையும் படிப்பதில் கவனத்தைக் கூட்டுவது இவ்வளவு நீண்ட காலம் ஆட உதவும். இரண்டாம், மூன்றாம் கோல்கீப்பர் பொறுப்பையும் இழிவாக எண்ண வேண்டாம். 26 பேர் கொண்ட உலகக் கோப்பை அணியில் குறைந்தது மூவர் கோல்கீப்பர்களாக இருந்தாக வேண்டும். 2014 காலிறுதியில் நெதர்லாந்தின் டிம் க்ருல், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பெனால்டிகளுக்காகவே இறக்கப்பட்டு இரண்டைத் தடுத்தார்.

ஓய்வுக்குப் பின் பயிற்சித் துறைக்குச் செல்ல விரும்புபவர், ஆடிக்கொண்டிருக்கும்போதே உரிமத் தேர்வுகளைத் தொடங்கிவிட வேண்டும். ஐரோப்பாவில் அக்கண்டத்தின் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏ, கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கென்றே தனி உரிமங்களை வழங்குகிறது. மற்ற இடங்களில் அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பை அணுகலாம். 2013-இல் ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதை வென்ற நாடினே ஆங்கரர், ஓய்வு பெற்றதும் கோல்கீப்பர் பயிற்சியாளராகவே பணியைத் தொடர்ந்தார். உங்கள் கிளப்பில் இளையோர் பிரிவு இருந்தால், வாரத்தில் ஒரு நாள் அங்குள்ள கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி அளிக்க இப்போதே அனுமதி கேளுங்கள். பயிற்றுவித்த அனுபவம் உரிமத் தேர்வில் உதவும், கிளப்பும் உங்களை வேறொரு கண்ணோடு பார்க்கத் தொடங்கும்.