பீத்தோவன் ரெகார்டு வாங்கப் போகிறீர்களா? வெயிலில் பிடித்துப் பாருங்கள்

மூர் மார்க்கெட் பக்கம் பழைய எல்.பி. ரெகார்டு தேடிப் போகிறவர்களுக்கு: ஒன்பது சிம்பொனியையும் பெட்டியோடு அள்ளிவரும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். முதலில் 5-வது மட்டும் போதும். கார்லோஸ் க்ளைபர் நடத்தி, வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த 1974 ஒலிப்பதிவு, டாய்ச்ச கிராமஃபோன் கம்பெனியின் மஞ்சள் லேபிள். முழு செட்தான் வேண்டுமென்றால், இசை நடத்துநர் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 1961-62ல் பதிந்தது. எழுபதுகளில் அவரே மறுபடி பதிந்தது என் காதுக்குக் கொஞ்சம் வழவழ.

9-வதில் மட்டும் உஷார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதை ஒரே தட்டில் திணித்தால் காடிகள், அதாவது ஊசி ஓடும் பள்ளங்கள், நெருங்கிவிடும். கடைசியில் வரும் கோரஸ் உச்சத்துக்கு ஏறும்போது ஊசி கடைசி உள்வட்டத்தில் கிடந்து கரகரக்கும். இரண்டு தட்டில் வந்த பதிப்பாகக் கேளுங்கள்.

கடை நிழலில் எல்லாத் தட்டும் பளபளக்கும். வெளியே வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். முடிபோன்ற கோடுகள் பரவாயில்லை. கீறல் விரல்நுனிக்குத் தட்டுப்பட்டால் 'டிக் டிக்' நிச்சயம். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் ஊசி தேய்த்துத் தீர்த்த தட்டு, எத்தனை முறை கழுவினாலும் தேறாது.

வெள்ளைப் பூஞ்சைக்கு மட்டும் பயப்படாதீர்கள். ராயபுரம் கடற்காற்றில் எங்கள் வீட்டு அட்டைகளுக்கு மழைக்காலம் வந்தாலே அதுதான் கதி. டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் காடியோடு சுற்றுவாக்கில் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பூஞ்சை குடியிருப்பதே அதில்தான்.