மைக் மியூட் கீ லினக்ஸ்ல வேலை செஞ்ச கதை

பழைய லேப்டாப்ல டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) போட்டேன், வால்யூம் பிரைட்னஸ் கீ எல்லாம் தானா வந்துருச்சு, மைக் மியூட் கீ மட்டும் அசையல. ஆபீஸ் கால்ல அது இல்லாம கஷ்டம்ங்க, வீட்ல குக்கர் விசில் அடிக்கிறது எல்லாருக்கும் கேக்கும்.

கீயை அமுக்கிட்டு டிமெசேஜ் (கர்னலோட லாக்கைக் காட்டற கமாண்ட்) பாத்தா "தெரியாத கீ"ன்னு சொல்லி அதோட ஸ்கேன்கோடையும் (அந்தக் கீக்கு கீபோர்டு அனுப்பற நம்பர்) கர்னலே, அதாவது லினக்ஸோட மையப் பகுதியே, காட்டுது, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. அந்தக் கோடுக்கு ஒரு பேர் குடுக்கணும், அவ்ளோதான். ஈடிசி யூடெவ் ஃபோல்டருக்குள்ள இருக்கற எச்டபிள்யூடிபி.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு, முதல் வரில கீபோர்டு அடையாளம், அடுத்த வரில மேப்பிங் (முன்னாடி ஒரு ஸ்பேஸ் கட்டாயம், இல்லேன்னா எடுக்காது). மைக்மியூட்னு பேர் குடுத்தா இவிடெஸ்ட்ல (கீ அமுக்குறது பதிவாகுதான்னு பாக்கற டூல்) அழகா வருது, ஆனா டெஸ்க்டாப் கண்டுக்கவே மாட்டேங்குது!

காரணம் என்னன்னா கர்னல்ல மைக்மியூட்டோட நம்பர் 248, எக்ஸ் சர்வர் (திரை, கீபோர்டு எல்லாத்தையும் டெஸ்க்டாப்புக்குக் குடுக்கற பழைய சாஃப்ட்வேர்) எல்லா நம்பரோடயும் 8 கூட்டும், அப்ப 256 ஆயிடுது, எக்ஸ் 255 வரைக்கும்தான் எடுத்துக்கும். அந்தக் காலத்துல போட்ட வரம்பு, இன்னும் நம்மள படுத்துது. அதனால மேப்பிங்ல பேரை எஃப்20ன்னு மாத்துனேன், அதோட நம்பர் 190, எக்ஸ் அதையே மைக் மியூட்டா எடுத்துக்கும். அப்புறம் ரூட்டா (அட்மின் அனுமதியோட) சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், யூடெவ்அட்ம் டிரிகர் ரெண்டு கமாண்டையும் ஓட்டுனா போதும், ரீபூட் கூட வேணாம். எக்ஸுக்குப் பதிலா வந்த புதுசான வேலண்ட் யூஸ் பண்றவங்களுக்கு இந்த 255 தொல்லை கிடையாது.

கீல இருக்கற குட்டி லைட் மட்டும் இன்னும் எரியல, அது வேற டிரைவர் சமாச்சாரம்.