டூ-ஸ்ட்ரோக் லோகோ இன்ஜினில் காற்று: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஷெட்டுக்குப் புதிதாக வரும் பையன்கள், எங்கள் செட் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். போல்ட்டை இறுக்காமல் விடுவதெல்லாம் ஒரு திட்டு வாங்கினால் சரியாகிவிடும், அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஈ.எம்.டி. என்ற அமெரிக்க கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்களின் காற்று விஷயம். 567, 645 மாடல்கள், அப்புறம் நம் டபிள்யூ.டி.ஜி.4 சரக்கு லோகோவில் இருக்கும் 710.

ஆல்கோ மாதிரி நினைப்பது

ஆல்கோ என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினில் காற்றை உள்ளே இழுக்கத் தனி ஸ்ட்ரோக் (பிஸ்டனின் ஒரு ஓட்டம்) உண்டு. எக்சாஸ்ட் புகையால் சுற்றி, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மக்கர் செய்தாலும் புகை கக்கிக்கொண்டு ஓடும். ஈ.எம்.டி.யில் அந்த ஸ்ட்ரோக்கே கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது லைனரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், சுற்றிலும் உள்ள துளைகள் திறக்கும். அதைச் சுற்றியுள்ள ஏர்பாக்ஸ் என்ற அறையில் அழுத்தத்தோடு நிற்கும் காற்று உள்ளே பாய்ந்து, எரிந்த புகையை மேலுள்ள நான்கு எக்சாஸ்ட் வால்வுகள் வழியாக வெளியே தள்ளும். காற்றைத் தள்ள ஆளில்லை என்றால் இன்ஜின் ஓடாது.

இன்ஜினை நிறுத்தி, ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் துளை வழியே பிஸ்டன் ரிங் தெரியும். எல்லோரும் ரிங்கைத்தான் பார்க்கிறார்கள். துளை ஓரத்தில் கரி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரூட்ஸ் ப்ளோவரை டர்போவுக்குச் சமமாக நினைப்பது

இல்லை. ரூட்ஸ் ப்ளோவர் என்பது இன்ஜினே கியரால் சுற்றும் காற்றுத் தள்ளி. அதே 16 சிலிண்டர் 645, ப்ளோவரோடு ஜி.பி.38 லோகோவில் 2000 குதிரைத்திறன், டர்போவோடு ஜி.பி.40 லோகோவில் 3000.

நிறுத்திய கையோடு பேட்டரி ஸ்விட்சை இறக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஈ.எம்.டி. டர்போவை எக்சாஸ்ட் மட்டும் சுற்றுவதில்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் குறைந்த நாட்ச்சிலும் (த்ராட்டில் படி) இன்ஜினே கியர் வழியாக அதைச் சுமார் 18 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. எக்சாஸ்டுக்குப் போதிய பலம் வந்ததும் கிளட்ச் விடுபட்டு, டர்போ தனியே பறக்கும். ஆகவே முதல் சுற்றிலிருந்தே அதன் பேரிங்கில் ஆயில் இருந்தாக வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகும், டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங்குக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பேட்டரி மின்சாரத்தில் ஓடும் டர்போ லூப் (ஆயில்) பம்ப் சுமார் அரை மணி நேரம் தொடர்ந்து ஆயில் அனுப்புகிறது.

ஒரு பையன், லோடு இழுத்து வந்த வண்டியை நிறுத்தியதும் "பேட்டரி இறங்கிடும் சார்" என்று பேட்டரியைத் துண்டிக்கும் நைஃப் ஸ்விட்சை இறக்கிவிட்டான். பம்ப் நின்றது. ஆயில் பேரிங்கிலேயே கருகிப்போனது. டர்போவைக் கிரேன் வைத்து இறக்க வேண்டியதாயிற்று. பதிவேட்டில் காரணம் என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஆயில் தரம் சரியில்லை."

பம்ப் ஓடும் சத்தம் அடங்கும்வரை ஸ்விட்சிலும் பிரேக்கரிலும் கை வைக்காதீர்கள்.

குறைந்த நாட்ச்சில் மட்டும் கரும்புகை வந்தால் இன்ஜெக்டரைக் கழற்றுவது

முதலில் டர்போ கிளட்ச்சைப் பாருங்கள். அது வழுக்கினால் குறைந்த நாட்ச்சில் இன்ஜினால் டர்போவைச் சுற்ற முடியாது, காற்று போதாது.