ராணுவ உளவியலில் போஸ்ட்டாக் வேண்டுமா? முதலில் அனுமதிக் கடிதம்

போன ஆடியில் சாட்ஸ்வொர்த்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று (இங்கே டர்பனில் கிழவிகள்கூட அதை போரிட்ஜ் பிரேயர் என்றுதான் சொல்வார்கள்) கையில் கூழ் டம்ளரோடு ஒரு பெண் வந்து, "அக்கா, தொழில் உளவியல்ல பிஎச்டி முடிச்சிட்டேன், ராணுவத்தைப் பத்தி போஸ்ட்டாக் பண்ணணும், எங்கே அப்ளை பண்றது?" என்று கேட்டாள். (போஸ்ட்டாக் என்றால் பிஎச்டிக்குப் பிறகு ஒரு பேராசிரியரோடு சேர்ந்து கொஞ்ச காலம் செய்யும் ஆய்வு.) வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அவளைப் போல இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், அந்தப் பெயரில் விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தத் துறையில் போஸ்ட்டாக் என்பது பெரும்பாலும் நாமாகப் பேசி உண்டாக்கிக்கொள்வதுதான். ஒரு பேராசிரியரைப் பிடித்து, அவர் பெயரில் என்.ஆர்.எஃப். (தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை) நிதிக்கோ பல்கலைக்கழகத்தின் சொந்த நிதிக்கோ விண்ணப்பிக்க வேண்டும். அவர் ஏன் உங்களை எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை, அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் வரும் கட்டுரைகளுக்கு அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. அதனால் "எனக்கு இதில் மிகுந்த ஆர்வம்" என்று மூன்று பத்தி எழுதுவதைவிட, ஆய்வேட்டிலிருந்து இன்னும் வெளிவராத இரண்டு கட்டுரைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதினால் பதில் வரும்.

இடங்கள் என்று பார்த்தால் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ராணுவ அறிவியல் புலம். அது ஸ்டெல்லன்போஷில் இல்லை, மேற்குக் கடற்கரையில் சல்தான்யாவில், ராணுவ அகாடமிக்குள் இருக்கிறது. தொழில் உளவியலுக்கு அங்கே தனித் துறையே உண்டு. இன்னொன்று, பிரிட்டோரியாவில் உள்ள ராணுவ உளவியல் நிறுவனம், ராணுவ மருத்துவ சேவையின் கீழ் வருவது. ஆட்களைத் தேர்வு செய்வது, பணிக்கு அனுப்பும் முன் தயார்நிலையைப் பார்ப்பது போன்ற அன்றாட வேலையெல்லாம் அங்கேதான். அங்கே நேராக வேலைக்குச் சேருவது வேறு கணக்கு, குடியுரிமையும் பாதுகாப்புச் சோதனையும் குறுக்கே வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பிஎச்டி முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழக வழிதான் நடக்கக்கூடியது.

நிறையப் பேர் ராணுவ உளவியல் என்றதும் போர் அதிர்ச்சி, மனச்சிகிச்சை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நம்முடைய தொழில் உளவியல் அது இல்லை. யாரை எடுப்பது, எடுத்தவர்கள் ஏன் நிற்கிறார்கள், ஏன் போகிறார்கள், பிளாட்டூன் என்னும் சிறு படைப்பிரிவுக்குள் ஒட்டுறவு எப்படி உண்டாகிறது, தலைவன் மாறினால் என்ன ஆகிறது, இவைதான் நம் கேள்விகள். இந்தக் கேள்விகளுக்குத் தென்னாப்பிரிக்கா மாதிரி ஒரு களம் கிடைப்பது அரிது. 1994-இல் ஏழு படைகளை ஒரே படையாக்கினார்கள். பழைய அரசின் ராணுவம், அதை எதிர்த்துப் போராடிய விடுதலை இயக்கங்களின் படைகளான உம்கோண்டோ வெ சிஸ்வே, அப்லா, கூடவே டிரான்ஸ்கை, போபுதட்ஸ்வானா, வெண்டா, சிஸ்கை ஆகிய, நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கென்று பிரித்து வைத்த நான்கு தாயகங்களின் படைகள். நேற்று வரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட வேண்டியதாயிற்று. நம் ஆட்களின் கதையும் இதற்குள் இருக்கிறது. அதற்கு முன்பே, 1970களில் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கடற்படைப் பயிற்சித் தளம் நடந்தது. அங்கே பயிற்சி பெற்ற தாத்தாக்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள், ஆய்வுக் கேள்வி தானாக வரும்.

இந்த நாட்டின் தொழில் உளவியலே ராணுவத்தில்தான் வளர்ந்தது என்றும் சொல்லலாம். 1941-இல் விமானப்படைக்கு ஆள் எடுக்கத் திறன் சோதனைப் பிரிவு ஒன்று தொடங்கியது, சைமன் பீஷுவல் அதை நடத்தினார். அந்த அனுபவத்தை வைத்து 1946-இல் தேசியப் பணியாளர் ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. பிறகு நிறவெறிக் காலத்தில் சோதனைகள் யாரை எங்கே நிறுத்தப் பயன்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 8-ஆம் பிரிவு, உளவியல் சோதனை செல்லுபடியானது, நம்பகமானது, எந்தக் குழுவுக்கும் பாரபட்சமற்றது என்று அறிவியல்பூர்வமாகக் காட்டினால்தான் பயன்படுத்தலாம் என்கிறது. உங்கள் ஆய்வுத் திட்டம் இந்தக் கேள்வியைத் தொட்டால் இங்கே கேட்க ஆள் உண்டு.

பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிஎச்டி இருந்தால் உளவியலாளர் ஆகிவிட முடியாது. எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் சுகாதாரத் தொழில்களின் பதிவு மன்றத்தில் தொழில் உளவியலாளராகப் பதிவு செய்ய முதுகலை, 12 மாத இன்டர்ன்ஷிப், வாரியத் தேர்வு எல்லாம் வேண்டும். பதிவு இல்லாமல் கேள்வித்தாள் ஆய்வு செய்யலாம், ஆனால் உளவியல் சோதனையாக வகைப்படுத்தியதை நீங்களாகவே கொடுக்க முடியாது. பதிவுள்ள ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, இனி தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். ராணுவத்தினரிடம் ஒரே ஒரு கேள்வித்தாள் கொடுக்க வேண்டுமென்றாலும் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவின் எழுத்து அனுமதி வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அப்புறம் அந்தந்த யூனிட் கமாண்டரின் சம்மதமும் வேண்டும். போஸ்ட்டாக் ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரு வருடம், நீட்டித்தால் உண்டு. நான் நிதி கிடைத்த பிறகுதான் அனுமதிக்கு எழுதினேன். ஏழு மாதம் போய்விட்டது. தாமதத்துக்குக் காரணம் கடைசியில்தான் தெரிந்தது, என் தலைப்பில் "வீரர்களின் அதிருப்தி" என்று இருந்தது. அதே கேள்விகள், அதே பக்கங்கள், தலைப்பை மட்டும் "பணியில் நீடிக்கும் விருப்பம்" என்று மாற்றி அனுப்பினேன், ஐந்து வாரத்தில் கையெழுத்து வந்தது. ஆகவே நிதி விண்ணப்பம் போடும் நாளிலேயே அனுமதி விண்ணப்பமும் போக வேண்டும், தலைப்பை ஒரு கர்னல் தன் மேலதிகாரிக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுத வேண்டும். உள்ளே என்ன கேட்கிறீர்கள் என்பதை மட்டும் ஒளிக்காதீர்கள்.

அனுமதி கிடைத்தாலும் தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. என் முதல் களநாள், தகரக் கூரை போட்ட ஒரு ஹால், அறுபது பேர், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சார்ஜன்ட். "உங்கள் தலைவரை நம்புகிறீர்களா" என்ற பக்கத்தில் எல்லோரும் முழு நம்பிக்கை என்ற ஐந்தையே டிக் அடித்துக்கொண்டு போனார்கள், பேனா நிற்கவே இல்லை. பத்து மணிக்கு அவர் டீ குடிக்கப் போனார். பேனாக்கள் மெதுவாகின. இரண்டு பேர் முந்தைய பக்கத்தைத் திருப்பி அடித்துத் திருத்தினார்கள். அன்றிலிருந்து ஹாலில் பதவியுள்ளவர் யாரும் இருக்கக்கூடாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குகிறேன்.

மொழியும் அப்படித்தான். வெளிநாட்டில் செய்த ஒரு அளவுகோலை (மனநிலையை அளக்கும் கேள்வித்தாளை) இசிசூலுவில், அதாவது சூலு மொழியில், மொழிபெயர்த்தபோது, வாட்டமாக இருக்கிறேன் என்று பொருள்பட ஆங்கிலத்தில் நிறத்தைச் சொல்லும் ஒரு வரி "நான் நீலமாக இருக்கிறேன்" என்று வந்து நின்றது. பையன்கள் சிரித்துவிட்டு இல்லை என்று போட்டார்கள். மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்க்காமல் களத்துக்குப் போகாதீர்கள், எல்லா மொழிக் குழுவுக்கும் அளவுகோல் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று காட்டாமல் கட்டுரை அனுப்பாதீர்கள்.

புள்ளியியலில் ஒன்று மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், அது பல அடுக்குப் பகுப்பாய்வு, அதாவது ஆளோடு அவர் இருக்கும் குழுவையும் சேர்த்துக் கணக்கில் எடுப்பது. வீரன் செக்‌ஷனுக்குள், செக்‌ஷன் பிளாட்டூனுக்குள், பிளாட்டூன் கம்பெனிக்குள் இருக்கிறான். முந்நூறு பேரையும் தனித்தனி ஆளாக எண்ணினால் ஆய்விதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். தேர்வு முறைகளைப் பற்றிய ஆய்வென்றால் இன்னொரு பொறி உண்டு. தேறியவர்களின் பிந்தைய செயல்திறன்தான் உங்கள் கையில் இருக்கும், தேறாதவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது, அதனால் சோதனைக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். அதற்குத் திருத்தம் செய்யும் முறை இருக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனங்கள் பெரியவை, ஆனால் குடியுரிமை கேட்கும் இடங்களே அதிகம், அதை நம்பி ஒரு வருடத்தைக் கடத்தாதீர்கள்.

பேராசிரியருக்கு அனுப்பும் கடிதம் ஒரு பக்கம் போதும். ஒரு கேள்வி, அது எந்த அதிகாரிக்குப் பயன்படும், தரவு எங்கிருந்து வரும், அனுமதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வெளிவரப்போகும் இரண்டு கட்டுரைகள். கூடவே கையெழுத்துப் போடும் முன் நீங்களும் ஒன்று கேளுங்கள். உதவித்தொகை என்பது சம்பளம் இல்லை, மெடிக்கல் எய்டும் (மருத்துவக் காப்பீடு) ஓய்வூதியமும் அதில் சேராது, சல்தான்யா என்றால் கேப் டவுனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. பெட்ரோலுக்கு ஏதாவது உண்டா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.