செடி வைத்த கண்ணாடித் தொட்டியில் இறால் வளர்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

அலங்கார இறால் வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்களை ரொம்பவே குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. தவறு செய்த நாளும் இறால் சாகும் நாளும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். இன்றைக்குத் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றுகிறீர்கள். இறால் ஒன்றும் நடக்காதது போல மாஸ் என்னும் பாசிச் செடியைக் கிளறிக்கொண்டிருக்கும். சில நாள் கழித்து ஓடு கழற்றப் பார்க்கும்போதுதான் செத்துப்போகும். அப்போது நமக்குத் தண்ணீர் மாற்றியதே நினைவில் இருக்காது. முந்தின நாள் போட்ட தீனி மேலோ, புதிதாக வைத்த செடி மேலோ பழியைப் போட்டுவிட்டு, அதே தவறை அடுத்த வாரமும் செய்வோம்.

அதனால் இறால் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு சின்ன நோட்டு என்று நான் சொல்வேன். என்றைக்குத் தண்ணீர் மாற்றினோம், என்றைக்கு உரம் ஊற்றினோம், என்றைக்கு ஓடு கிடந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்தால் போதும். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தெளிந்த தண்ணீரை நம்பி அவசரப்படுவது

புது மண், புதிதாக நட்ட செடி, கண்ணாடி மாதிரித் தண்ணீர். பார்க்க அழகாக இருக்கும் இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் இறாலை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தெளிவதற்கும் தொட்டி தயாராவதற்கும் சம்பந்தமே இல்லை. கழிவும் அழுகும் இலையும் தண்ணீரில் அம்மோனியாவைச் சேர்க்கும். அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் இறாலுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல, செடியும் அதை எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியா ஃபில்டரிலும் மண்ணிலும் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் வரை ஆகும். செடிக்கென்று விற்கும் ஆக்டிவ் சாயில் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முதல் சில வாரங்களுக்கு அந்த மண்ணே அம்மோனியாவை வெளியே விடும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் விடலாமா? பெரிய இறால் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம், இறாலின் உண்மையான சாப்பாடு நாம் போடும் தீனி இல்லை. இலை, கல், கண்ணாடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றின் மேலும் படியும் வழவழப்பான பயோஃபிலிம்தான். பிறக்கும்போது குட்டி இறால் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். தீனி விழுந்த இடத்தைத் தேடி அது தொட்டி முழுக்க அலையாது. நிற்கிற இடத்தில் கிடைப்பதைத்தான் மேயும்.

என்னுடைய இரண்டாவது தொட்டியில் மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணாடியையும் கல்லையும் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தேன். தாய் இறால்கள் நன்றாக இருந்தன, முட்டையும் பொரிந்தது. பத்தாம் நாள் டார்ச் அடித்துத் தேடினால் ஒரு குட்டிகூட இல்லை. அவற்றின் சோற்றை நானே துடைத்து எடுத்திருக்கிறேன். அதிலிருந்து முன்பக்கக் கண்ணாடியை மட்டும்தான் துடைக்கிறேன். மற்ற மூன்று பக்கமும் பச்சைப் படலத்தோடு அப்படியே இருக்கும்.

எந்த இறாலுக்கு எந்த மண் என்று பார்க்காமல் வாங்குவது

கடையில் எல்லாமே இறால்தான். ஆனால் வளர்ப்பில் இரண்டு பெரிய வகை உண்டு. செர்ரி இறாலும், அதே இனத்தின் நீலம், மஞ்சள், ஆரஞ்சு நிறங்களும் நியோகாரிடினா. பிஹெச் (அமில, காரத் தன்மை) 6.5 முதல் 7.8 வரை, ஜிஹெச் (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) 6 முதல் 12 வரை, கொஞ்சம் கேஹெச் (பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை) என்று நடுத்தரத் தண்ணீரில் நன்றாக வாழும். கிரிஸ்டல் ரெட் போன்றவை காரிடினா. அவற்றுக்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். பிஹெச் 6-ஐ ஒட்டியும், கேஹெச் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் இரண்டில் ஒன்று தினமும் கஷ்டப்படும்.

ஆக்டிவ் சாயில் தண்ணீரில் உள்ள கேஹெச்சை உறிஞ்சிப் பிஹெச்சைக் கீழே இறக்கும். காரிடினாவுக்கு அது வரம். நியோகாரிடினாவுக்கு அது தேவையே இல்லை. சாதாரண மணலோ, எதையும் கரைத்துவிடாத சரளையோ போதும். ஜாவா மாஸ், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் கல்லையும் கட்டையையும் பிடித்து வளர்பவை. அவற்றுக்குச் சத்து மண் வேண்டாம். இன்னொன்று, ஆக்டிவ் சாயில் மேல் கடினத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால் அதன் சக்தி சீக்கிரமே தீர்ந்துபோகும். காரிடினா வளர்ப்பவர்கள் ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கான தாது உப்பைக் கலந்து ஊற்றுவது இதனால்தான். தாது கலக்காத வெறும் ஆர்ஓ தண்ணீரில் எந்த இறாலும் ஓடு கட்ட முடியாது.

தண்ணீர் விஷயத்தில் கை அடங்காமல் இருப்பது

அதிகம் இறால் சாவது இதனால்தான் என்பது என் கணிப்பு. இறால் தன் ஓட்டுக்கான கால்சியத்தையும் மற்ற தாதுக்களையும் தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரின் தன்மை திடீரென்று மாறினால், புது ஓடு உள்ளே தயாராவதற்கு முன்பே பழையதைக் கழற்றப் பார்க்கும். சரியாக நடந்தால் தலைக்கும் உடம்புக்கும் இடையில் முதுகுப் பக்கம் ஒரு பிளவு விழும். இறால் ஒரே உதறலில் அதன் வழியாகப் பின்னோக்கித் துள்ளி வெளியே வந்துவிடும். தவறாக நடந்தால் அந்த இடத்தில் உடம்பைச் சுற்றி மோதிரம் போட்டது மாதிரி ஒரு வெள்ளை வளையம் தெரியும். பழைய ஓடு முழுவட்டமாகப் பிளந்து நிற்கிறது என்று அர்த்தம். அந்த வளையம் வந்த இறால் பிழைப்பது அபூர்வம்.

ஆகவே ஒரே நேரத்தில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீரின் வெப்பநிலையும் டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் மொத்த அளவு) தொட்டியில் இருப்பதற்கு அருகில் இருக்கட்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட்டே ஊற்றுங்கள். திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், உண்மைதான். ஆனால் குளோரமைன் கலந்த தண்ணீரில் அப்படிப் போகாது.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவதிலும் ஒரு வலை இருக்கிறது. 20 லிட்டர் தொட்டி, டிடிஎஸ் 200 என்று வையுங்கள். 4 லிட்டர் ஆவியானால் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். மீதி 16 லிட்டரில் டிடிஎஸ் 250 ஆகிவிடும். மறுபடி அதே 200 டிடிஎஸ் தண்ணீரை 4 லிட்டர் ஊற்றினால் 240-க்குத்தான் இறங்கும். இப்படியே நாலு முறை செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். குறைந்ததை நிரப்ப ஆர்ஓ தண்ணீர், மாற்றுவதற்குத் தாது உள்ள தண்ணீர். இந்த வித்தியாசம் தெரிந்தாலே தொட்டி நிலையாக நிற்கும். ஐந்து லிட்டர் ஜாடியில் இறால் வளர்ப்பது எனக்குப் பிடிக்காததற்கும் காரணம் இதுதான். அவ்வளவு கொஞ்சம் தண்ணீரில் எல்லாமே வேகமாக மாறும். 20 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குங்கள்.

செடியோடு வந்து சேரும் நஞ்சு

நீர்ச்செடிகளைப் பண்ணையில் வளர்க்கும்போது பூச்சிக்கொல்லி அடித்திருக்கலாம். மீனை ஒன்றும் செய்யாத அளவே இறாலைக் கூண்டோடு தீர்த்துவிடும், ஏனென்றால் அந்த மருந்துகள் பூச்சிகளைக் கொல்வதற்கென்றே உருவானவை. இறாலும் பூச்சியும் உடலமைப்பில் நெருங்கிய உறவு. புதுச் செடியைத் தனி வாளியில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் தொட்டியில் வைக்க வேண்டும். டிஷ்யூ கல்ச்சர் முறையில், அதாவது ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்து, மூடிய கோப்பையில் வருவது இன்னும் நல்லது. அதில் பூச்சிமருந்தும் இருக்காது, பிளனேரியா, ஹைட்ரா, தும்பிப் புழு மாதிரியான வேண்டாத விருந்தாளிகளும் வரமாட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் ஜெல்லைக் கழுவிவிட்டு நட்டால் போதும்.

இதே காரணத்தால் தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து, பூச்சி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்புறம் தாமிரம். இறாலின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் பொருளிலேயே தாமிரம் இருக்கிறது, அதனால் துளியளவு அதற்கும் தேவைதான். செடி உரத்தில் இருக்கும் நுண்ணளவைக் கண்டு பயப்பட வேண்டாம், சொன்ன அளவில் பாதியில் தொடங்கினால் சரி. ஆனால் மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றும் சில மருந்துகளில் தாமிரம்தான் முக்கியச் சரக்கு. அது இறாலுக்கு எமன். லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

செடி வளர்ச்சிக்காகக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு அணையும்போது அதையும் மூடிவிடுங்கள். இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும். மேலே சொன்ன செடிகளுக்கு சிலிண்டரே தேவையில்லை.

ஃபில்டர், சூடு, தீனி

ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் வேறு ஃபில்டர் வேண்டாம். வேறு வகை வைத்தே ஆக வேண்டும் என்றால் உறிஞ்சும் குழாயின் வாயில் ஸ்பாஞ்சை மாட்டுங்கள், இல்லாவிட்டால் குட்டிகள் உள்ளே போய்விடும். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டியது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான், குழாயடியில் அல்ல.

வெப்பநிலை 20 முதல் 26 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். அதே சூட்டில் இறாலுக்கு ஆக்ஸிஜன் தேவையோ கூடும். ஆகவே சூடான நாட்களில் தண்ணீர் மேல் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

தீனி போட்டு இரண்டு மணி நேரத்தில் மீதி கிடந்தால் போட்டது அதிகம், எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து இறாலுக்கு வாரம் மூன்று முறை, மிளகளவு போதும். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைத் தொட்டியில் போட்டு வைத்தால் அது மெல்ல மட்கி, குட்டிகளுக்கு மேய்ச்சல் நிலம் ஆகிவிடும்.

தொட்டியில் விடும் நாள்

கவரை அப்படியே கவிழ்ப்பது பெரிய தவறு. இறாலைக் கவர்த் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் ட்யூபில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு 2 அல்லது 3 சொட்டு விழும்படி விடுங்கள். தண்ணீர் மூன்று மடங்காக ஆகும்வரை காத்திருங்கள், இரண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு வலையால் இறாலை மட்டும் எடுத்து விடுங்கள். கூட மீன் வேண்டாம். வாயில் நுழையும் குட்டியை விட்டுவைக்கும் மீன் மிகக் குறைவு. நியோகாரிடினாவில் சிவப்பும் நீலமும் கலந்து விட்டால் சில தலைமுறையில் நிறம் மங்கிப் பழுப்புக் குட்டிகள் வரும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விட்ட சில நாளில் தரையில் கண்ணாடி மாதிரி ஓர் ‘இறால்’ அசையாமல் கிடக்கும். பதறி எடுத்து எறிந்துவிடாதீர்கள். ஒளி ஊடுருவினால் அது கழற்றிய ஓடு. தாதுச் சத்துக்காக அவையே அதைத் தின்னும். செத்த இறால் வெளிறிய இளஞ்சிவப்பாக, வேகவைத்தது போல இருக்கும். அதை மட்டும் எடுங்கள்.

இன்னொரு நாள் எல்லா இறாலும் தொட்டி முழுக்கப் பைத்தியம் பிடித்த மாதிரி நீந்தும். உடனே தண்ணீர் மாற்ற வாளியைத் தூக்க வேண்டாம். முதலில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். அவை பூஜ்யம் என்றால் மாஸுக்கு அடியில் புது ஓடு ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். பெண் இறால் ஒன்று ஓடு கழற்றியிருக்கும், ஆண்கள் அதைத் தேடி அலைகின்றன. மறுநாள் அதன் வயிற்றுக்கு அடியில் முட்டைகள் கொத்தாகத் தெரியலாம். நோட்டில் அந்தத் தேதியை எழுதுங்கள். பொரிய சுமார் நாலு வாரம் ஆகும், அதுவரை அந்தத் தொட்டியில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.